வரிசை கலைக்காத துண்டுகள்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். சேர்ந்த புதிதில் ஒருநாள், "நிறுத்துங்க, ஏதோ கழண்டு ஆடுது" என்று கத்தி, முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்த வைத்தாள். எல்லோரும் பதறியடித்துக்கொண்டு திறந்து பார்த்தார்கள். உள்ளே எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆடியது சுவர்க் கடிகாரத்தின் ஆணி. அன்றைக்குப் பாதி நாள் வேலை கெட்டது. இயந்திரம் பிறகு மாறியது, கடிகாரமும் மாறியது, பெயர் மட்டும் அவளை விடவில்லை.

அவள் செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. நான் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். விமான எஞ்சினுக்குள் வரிசை வரிசையாகப் பிளேடுகள் சுழலும். அவற்றைச் சுற்றி ஓர் உறை. பிளேடின் நுனிக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி கூடினால் காற்று அந்த வழியே நழுவிவிடும், எரிபொருள் வீண். இடைவெளியைக் குறைத்தால், சூட்டிலும் வேகத்திலும் பிளேடு கொஞ்சம் நீண்டு உறையில் உரசும். அதனால் உறையின் உட்பக்கம் மெத்தென்று ஒரு பூச்சைப் பூசி வைக்கிறார்கள். உரசினால் பூச்சுதான் பொடியாகி உதிர வேண்டும், பிளேடுக்கு ஒரு கீறலும் விழக் கூடாது. தேய்ந்துபோவதற்கென்றே பூசுகிற பூச்சு அது.

எஞ்சின் செய்கிற ஊர் உலகமெல்லாம் உரசாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபடும்போது, இவளுடைய பிரிவு மட்டும் வேண்டுமென்றே உரசவிட்டுப் பார்க்கும். கனத்த இரும்புப் பெட்டி ஒன்று, அதற்குள் ஒரு தட்டு, தட்டின் விளிம்பில் ஒரே ஒரு பிளேடு. எதிரே நகரும் மேடையில், பூச்சுப் பூசிய வளைந்த உலோகத் துண்டு ஒன்றை இவள் மாட்டுவாள். தட்டைக் கையால் மெல்லச் சுற்றி, பிளேடும் துண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கிற இடத்தைப் பிடித்து, அதைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்வாள். அப்புறம் கதவை மூடிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டியதுதான். தட்டு வேகமெடுத்ததும் மேடை துண்டை முன்னே தள்ளும். உரசல் முடிய ஒரு பெருமூச்சு விடும் நேரம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு விசை, எவ்வளவு சூடு என்று கருவிகள் எழுதிக்கொள்ளும்.

அந்தத் துண்டுகளுக்குப் பூச்சுப் பூசியவர் அவளுடைய கணவர்.

கட்டடத்தின் மறுகோடியில் பூச்சுக் கூடம். பெரிய தொழிற்சாலைகளில் இயந்திரக் கை பூசும். இங்கே சின்னத் துண்டுகள், நாளொரு தினுசு தூள், அதனால் மனிதக் கையே வசதி என்று விட்டிருந்தார்கள். நெருப்பைக் கக்கும் துப்பாக்கி ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்து, உருகும் தூளை உலோகத்தின் மேல் ஒரே தூரத்திலிருந்து அடிக்க வேண்டும். அவர் இடது கைக்காரர் என்பதால் எல்லோருக்கும் இடக்கையார். புருஷன் நாள் முழுக்கப் பூசுகிறதைப் பொண்டாட்டி ஒரு நொடியில் சுரண்டிப் போட்டுவிடுகிறாள் என்று சாப்பாட்டு அறையில் கேலி பேசுவார்கள். "வீட்லயும் அதே கதைதாம்பா" என்பார் அவர். சிரிப்பு அடங்கும்வரை அவள் முறைப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குளியலறையில் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. சத்தம் கேட்டு ஓடிப்போனவள் முதலில் செய்தது, திறந்திருந்த குழாயை மூடியதுதான். ஏன் அதை முதலில் செய்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், முகவரியைத் தெளிவாகச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. அழுகை வரவில்லை. பசித்தால் சாப்பிட்டாள், படுத்தால் தூக்கமும் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "அழுதுடும்மா, அழுதா பாரம் கொறையும்" என்று முதுகைத் தடவினார்கள். மருந்துக்கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது போலத் தலையாட்டினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "கல்லுப்புள்ளையார் மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்றது அவள் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது.

மகளுக்குத்தான் அது பொறுக்கவில்லை. வேறு நகரத்தில் விடுதியில் தங்கி பிசியோதெரபி படிக்கிறவள். அப்பா செல்லம். வந்த அன்றிலிருந்து அவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"அப்பாவுக்கு முன்னாடியே ஏதாவது இருந்துச்சாம்மா? வலி கிலின்னு உன்கிட்ட சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருந்தாரு."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"யோசிக்க என்ன இருக்கு? நல்லாத்தான் இருந்தாரு."

"ஒரே கட்டடத்துல வேலை. ஒரே வீடு. உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

பாம்புக்காது அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனாள். அப்புறம் போனில் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கியது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிடவா. போன வாரம், "ஞாயித்துக்கிழமை வரேன், என் சாமானெல்லாம் எடுத்துட்டுப் போயிடறேன், இனிமே லீவுக்கு அங்க வர வேண்டியதில்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாள். பிள்ளை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது தாய்க்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சு துடிக்கவில்லையே என்பதுதான் அவளுக்கு லேசான பயத்தைக் கொடுத்தது.

அந்த வாரம்தான் இடக்கையாரின் கடைசித் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி ஓட்ட வேண்டி வந்தது. அவர் இடத்துக்கு வந்த புது ஆள் அதே தூளை வைத்துப் பூசத் தொடங்கியிருந்தார். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும். அலமாரியில், அவர் கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு ஒன்றாகப் பூசி வைத்த துண்டுகள் வரிசையாக இருந்தன.

பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, இதை வேற யாரையாவது விட்டு ஓட்டச் சொல்லட்டுமா?"

"ஏன் சார்?"

"இல்ல... அண்ணன் பூசினது."

"அதுக்கென்ன, எல்லாமே அவரு பூசினதுதானே?" என்றாள். அவள் விறைப்பாகப் பேசவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்பதே அவளுக்கு நிஜமாகப் புரியவில்லை.

அன்று அவள் ஒரு தப்புச் செய்தாள். துண்டுகளைப் பூசிய வரிசையிலேயே ஓட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. நாள் போகப் போக இயந்திரம் கொஞ்சம் சூடேறும், பிளேடு கொஞ்சம் மழுங்கும். வரிசையாக ஓட்டினால், மாறியது இயந்திரமா துண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் சீட்டுக் கட்டைக் கலைப்பது போல எண்களைக் கலைத்துப்போட்டுத்தான் எடுப்பார்கள். இத்தனை வருடத்தில் அவள் அதை மறந்ததில்லை. அன்றைக்கு மறந்தாள். அலமாரியின் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கையில் வந்தபடி எடுத்தாள், மாட்டினாள், ஓட்டினாள், கழற்றினாள்.

முதல் துண்டு மணலைக் காகிதத்தில் கொட்டுவது போல மெதுவாகச் சத்தமிட்டு உதிர்ந்தது. அதுதான் நல்ல பூச்சின் சத்தம். நடுத் துண்டுகளில் ஒரு முரட்டுத்தனம் வந்தது. கடைசிக்கு வரும்போது கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தங்களெல்லாம் அவள் காதில் விழுந்தன, ஆனால் அதற்கு மேலே உள்ளே போகவில்லை. கடைசித் துண்டைக் கழற்றியபோது உரசிய தடம் கறுத்து, பளபளவென்று இழுபட்டிருந்தது. பிளேடின் நுனியும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. துடைத்து, எண் ஒட்டி, மேசையில் வைத்தாள்.

பொறியாளர் கணினித் திரையில் கோடுகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசையும் சூடும் துண்டுக்குத் துண்டு படியேறிக்கொண்டே போயிருந்தன.

"அக்கா, வரிசையைக் கலைச்சீங்களா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்ல சார். மறந்துட்டேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "அப்போ மெஷின்தான் எங்கயோ நகர்ந்திருக்கும். நாம வச்ச பூஜ்யம் தப்பாயிருக்கலாம்" என்றார். "என் கைதான் சரியில்ல போல சார்" என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

அதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. எப்போதோ ஓட்டி, குணம் நன்றாகத் தெரிந்த ஒரு பழைய தொகுதியிலிருந்து துண்டு ஒன்றை எடுத்து மாட்டினார்கள். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். பிளேடின் நுனியைச் சுத்தம் செய்து, பூஜ்யத்தைப் பொறியாளரே தன் கையால் வைத்தார். துண்டு மெத்தென்று உதிர்ந்தது. எண்கள் பழைய எண்களோடு அச்சாகப் பொருந்தின. இயந்திரத்தில் கோளாறில்லை, அவள் கையிலும் தப்பில்லை. மாறியிருந்தது துண்டுகள்தான்.

மறுநாள் அவர் துண்டுகளைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, இரண்டு நாற்காலி. திரையில் முதல் துண்டு தெரிந்தது. நல்ல ரொட்டியை வெட்டினால் உள்ளே தெரியுமே, அப்படிப் பொடிப்பொடியாகத் துளைகள். அந்தத் துளைகள் இருப்பதால்தான் பூச்சு உதிரும். அடுத்த துண்டில் துளை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்தது. கடைசித் துண்டு ஏறக்குறைய அடைத்துக்கொண்டு, கெட்டியாக இருந்தது.

"தூள் மாறலை, வாயு மாறலை" என்று அவர் தனக்குத்தானே பேசுவது போல ஆரம்பித்தார். "துப்பாக்கி கிட்டப் போயிருக்கு அக்கா. தூரமா இருந்து அடிச்சா பொலபொலன்னு படியும், கிட்ட வந்தா அடிச்சு இறுகிடும். ஒரே நாள்ல வந்திருந்தா கைத்தப்புன்னு விட்டுடலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கு. கையை நீட்டிப் பிடிக்க முடியலைன்னா, முழங்கையை விலாவுல அண்டக் குடுத்துக்கிட்டு, ஆள் ஒரு எட்டு முன்னால போவாங்க. அப்பதான் இப்படி..."

பேச்சு பாதியில் நின்றது. அவருக்கே இப்போதுதான் உறைத்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"அக்கா, அந்த ரெண்டு வாரமும் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருந்தாரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையைக் கலைத்திருந்தால், ஏறுவதும் இறங்குவதுமாக ஏதோ பூச்சுக் கோளாறு என்று சராசரி போட்டு முடித்திருப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"ரிப்போர்ட்ல தூரம் மாறினதுன்னு மட்டும் எழுதறேன். ஏன்னு எழுத மாட்டேன்" என்றார் பொறியாளர்.

"உங்க இஷ்டம் சார்" என்று எழுந்துபோய் அவள் இயந்திரத்தைத் துடைத்தாள்.

பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொன்றாக வந்தது. மறந்திருந்த விஷயங்கள் இல்லை, எல்லாம் கண்ணெதிரே நடந்தவை. இடக்கையார் கடைப் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார். பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னதற்கு, "நீயே எடுத்துக்கயேன், அசதியா இருக்கு" என்றார். அவள், "எனக்கு மட்டும் அசதி இல்லையா?" என்று சுள்ளென்று விழுந்து, தானே நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். படுக்கையில் இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவர் மல்லாந்து படுக்க ஆரம்பித்தார். குறட்டை அதிகமாகிறது என்று இவள் கோபித்துக்கொண்டாள். கடிகார ஆணி ஆடினால் கேட்கிற காது. வெட்கம் கொஞ்சம், ரொம்பத் தூரத்திலிருந்து, எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வந்ததும் வராததுமாகத் தன் அறைக்குள் போய் அட்டைப்பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கினாள். பாம்புக்காது இரண்டு டீ போட்டாள். சொல்லாமல் விட்டால் பெட்டியோடு போய்விடுவாள். சொன்னால், உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதானே என்று ஒரேயடியாகப் போய்விடுவாள். இரண்டில் எது மோசம் என்று அவளால் எடை போட முடியவில்லை. டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ கேட்டல்ல, அப்பாவுக்கு முன்னாடியே ஏதாவது இருந்துச்சான்னு."

மகளின் கை நின்றது.

"இருந்திருக்கு. கையை நீட்ட முடியாம இருந்திருக்கு. ரெண்டு வாரமா. அவரு பூசின துண்டைப் பாத்து இப்பதான் தெரிஞ்சுது." துண்டுகளையும் சத்தத்தையும் துளைகளையும், முழங்கையை விலாவில் ஊன்றிக்கொண்டதையும், பெட்டியை இறக்கச் சொல்லிச் சண்டை போட்டதையும் வரிசையாகச் சொன்னாள். அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பது போலத்தான் இருந்தது அவள் குரல். "பக்கத்துலயே இருந்தேன். பாக்கலை. நீ போறதுன்னா போ. தெரிஞ்சும் சொல்லாம உன்னை அனுப்ப வேண்டாம்னுதான் சொல்றேன்."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று தாய் காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் மகள்.

"என்ன தெரியும்?"

"என்கிட்ட சொன்னாரு. போன்ல. இடது கை வலிக்குது, தோள்லேர்ந்து இறங்குதுன்னு." அவள் பெட்டியின் ஒட்டும் பட்டையைப் பிய்த்துக்கொண்டே பேசினாள். "இடது கைலதானே நாள் முழுக்கத் துப்பாக்கி பிடிக்கிறாரு, அதான் தசை பிடிச்சிருக்குன்னு சொன்னேன். பயிற்சி சொல்லிக் குடுத்தேன். வீடியோல செஞ்சு காட்டினேன். அவரும் செஞ்சு காட்டினாரு, சரியா பண்றேனா டாக்டரம்மான்னு கேட்டாரு. உங்கம்மாகிட்ட சொல்லாத, அவ ஊரைக் கூட்டிடுவான்னாரு. நான் சரின்னுட்டேன்."

ஒட்டும் பட்டை முழுசாகப் பிய்ந்து அவள் கையோடு வந்தது.

"உனக்கும் தெரிஞ்சிருந்துச்சுன்னு நீ ஒரு தடவை சொல்லிட்டா போதும்னு இருந்துச்சும்மா. நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு ஆகும்ல. நீ நல்லாத்தான் இருந்தாரு, நல்லாத்தான் இருந்தாருன்னே சொன்ன. உன் மூஞ்சியைப் பாக்கவே முடியல என்னால." மூன்று மாதமாகக் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தது இப்போது அழுகையாக உடைந்தது.

பாம்புக்காதுக்குக் காது அடைத்தது. அவர் கை வலித்ததில் அவளுக்குக் கோபமில்லை, செத்துப்போனதில்கூட இல்லை. அத்தனை பெரிய விஷயத்தை, மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு சின்னப் பெண்ணின் கையில் கொடுத்து, வாயையும் கட்டிப்போட்டுவிட்டு, பல் துலக்கப் போய்விட்டாரே. மூன்று மாதத்தில் அவளுக்கு முழுசாக வந்த முதல் உணர்ச்சி அதுதான், அது வெறும் கோபம். கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"நீ சொன்னதுல தப்பில்ல. நீ படிக்கிற புள்ள. உன்கிட்ட சொல்ற விஷயமா அது?" என்றாள். குரல் எங்கேயோ பிசிறடித்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒருதரம்கூட அவரை மரியாதை குறைத்துப் பேசாதவள், புத்தகங்கள் எடுத்துக் காலியாகக் கிடந்த அலமாரியைப் பார்த்துக் கத்தினாள்.

"பாவி மனுஷன், என்கிட்ட சொல்லாம புள்ள தலையில வச்சிட்டுப் போயிருக்கான் பாரு!"